மெல்லிய துண்டுத்துணிக் குவில்ட்: கைத்தையல் உண்மையில் செய்யும் வேலை

துண்டுத்துணிகளை அழகாக இணைத்து, அடியில் ஒரு துணி, நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்து, நான்கு ஓரத்தையும் தைத்துத் திருப்பிவிட்டால் குவில்ட், அதாவது அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை, தயார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முதல் நாள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு முறை துவைத்ததும் பஞ்சு சுருண்டு ஒரு பக்கம் சேரும், அடித்துணி தொங்கும், மேலே உள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாக விடும். காரணம், துண்டுகளை இணைக்கும் தையல் வேறு, அடுக்குகளைப் பிடிக்கும் தையல் வேறு. முதலாவதுக்குப் பெயர் பேச்வொர்க். இரண்டாவதுதான் குவில்டிங். முதலாவது இல்லாமலே, ஒரே துணியில்கூட குவில்ட் செய்யலாம். இரண்டாவது இல்லாமல் முடியாது.

நடுவில் தைக்காவிட்டால்

இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர் ஓரத்தைத் தைத்ததோடு நிறுத்துவதில்லை. நீண்ட ஊசியால் மேலிருந்து கீழ்வரை குத்தி, ஒரு முழத்துக்குள் ஒரு முடிச்சாக மெத்தை முழுக்க இறுக்கிக் கட்டுகிறார். அந்த முடிச்சுகள் அறுந்துபோன மெத்தையில்தான் தலைமாட்டில் மேடும் இடுப்புக்கு நேரே பள்ளமும் விழும். பஞ்சு எவ்வளவு தரமானது என்பது அப்போது உதவுவதில்லை.

குவில்ட்டிலும் நடப்பது இதுதான். மெத்தையில் முடிச்சு செய்யும் வேலையை இங்கே வரிசை வரிசையாக ஓடும் சிறு தையல்கள் செய்கின்றன. ஒவ்வொரு தையலும் மூன்று அடுக்கையும் துளைத்துச் சேர்த்து இழுக்கிறது. தையல் விழுந்த இடம் அமுங்கும், இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள இடம் லேசாக உப்பும். உப்பிய இடத்தில் அசையாமல் நிற்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. அதனால் வரிசைகளை மிக நெருக்கினால் போர்வை உறுதியாகும், ஆனால் விறைத்துத் தட்டையாகும். மிக விலக்கினால் மென்மையாக இருக்கும், உள்ளடுக்கு நகரும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடைவெளியைத் தேர்வதுதான் குவில்ட் செய்பவரின் முக்கிய முடிவு. பூ வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று அடுக்குகள்

மேல்துணி என்பது துண்டுகளை இணைத்து உருவாக்கிய முகப்பு. அடித்துணி உடம்பில் படும் பக்கம். நடுவே இருப்பது பேட்டிங்: பருத்தி, கம்பளி அல்லது பாலியஸ்டர் இழைகளை விரிப்பாகப் பிணைத்தது. கடையில் வாங்கும் பேட்டிங்கின் உறையில், தையல் வரிசைகள் அதிகபட்சம் எத்தனை அங்குல இடைவெளியில் இருக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஊசியால் குத்திப் பிணைத்த விரிப்புகளில் சில 8 அங்குலத்துக்கு மேலும் தாங்கும். பிணைக்காத பஞ்சுக்கு 2 அங்குலம்கூட அதிகம். உதிரி இலவம்பஞ்சு இந்த வேலைக்கு ஆகாது. வழுக்கும் இழை, ஊசித்துளை வழியே வெளியே வந்துவிடும்.

மெல்லிய குவில்ட்டுக்குப் பேட்டிங் கட்டாயமில்லை. ஓர் அடுக்கு பருத்தி ஃபிளானல் (மேற்பரப்பில் மெல்லிய ரோமம் எழுப்பிய மென்துணி), அல்லது நன்றாக நைந்து மென்மையான பழைய வேட்டி போதும். வங்காளத்துக் காந்தாவில் நடுவே பஞ்சே கிடையாது. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, பரப்பு முழுக்க நெருக்கமாக நூல் ஓட்டுவார்கள். அந்த நூலின் இழுப்பில் துணி முழுவதும் நுண்ணிய அலையாகச் சுருங்கும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் கவந்தி இன்னொரு வழி. அங்கே மேல்துணியைத் தனியாகத் தைப்பதே இல்லை. சேலை ஒன்றை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று மடித்து வைத்தபடியே நூல் ஓட்டிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். பேச்வொர்க்கும் குவில்டிங்கும் ஒரே கைவீச்சில் முடிந்துவிடும்.

சுருக்கமாக: அடுக்குகள் எவையாக இருந்தாலும், அவற்றை நகராமல் பிடித்து வைப்பது பரப்பு முழுக்க ஓடும் தையல்தான்.

எடை எங்கிருந்து வருகிறது

மெல்லிய துணி வாங்கினால் போர்வை மெல்லியதாகிவிடும் என்று நினைப்பது பாதிதான் சரி. துண்டின் அளவு அதே அளவுக்கு எடையைத் தீர்மானிக்கிறது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு வெளியே கால் அங்குலம் துணி விடுவோம். அது மறைந்துபோவதில்லை, உள்ளே மடிந்து கிடக்கும்.

5 அங்குலச் சதுரமாக வெட்டினால், நாலு பக்கமும் கால் அங்குலம் போக, வெளியே தெரிவது 4½ அங்குலம். வெட்டிய துணியில் 19 சதவீதம் உள்ளே போகிறது. 2½ அங்குலமாக வெட்டினால் தெரிவது 2 அங்குலம் மட்டுமே. 36 சதவீதம் உள்ளே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! தபால்தலை அளவுத் துண்டுகளால் செய்த குவில்ட்டுகள் கனமாகவும் விறைப்பாகவும் இருப்பது இதனால்தான். கை ஊசிக்கும் அது கஷ்டம், எங்கே குத்தினாலும் ஒரு மடிப்பு தடுக்கும். முதல் முறை செய்பவர் 5 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளும் அளவு: அகலத்தில் 9, நீளத்தில் 13, மொத்தம் 117 சதுரங்கள். முடிந்ததும் 40½ அங்குலம் அகலம், 58½ அங்குலம் நீளம் வரும். ஒருவர் மதியத் தூக்கத்துக்குப் போர்த்திக்கொள்ளப் போதும். இந்த அகலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், 44 முதல் 46 அங்குல அகலமுள்ள பருத்திச் சேலை ஒன்று இணைப்பே இல்லாமல் அடித்துணியாகப் பொருந்தும். சேலையில் 64 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.6 மீட்டர், வெட்டினால் சுற்றிலும் கொஞ்சம் உபரி கிடைக்கும். மேல்துணிக்குத் தேவையான துண்டுகள் மொத்தமாகச் சேர்த்தால் 44 அங்குல அகலத் துணியில் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

அடித்துணிக்குக் காடாத் துணியோ புதுப் படுக்கை விரிப்போ வேண்டாம். நெசவு இறுக்கமாக இருப்பதால் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் அடம்பிடிக்கும், விரல்தான் வலிக்கும்.

மென்னிறம் என்றால் எல்லாமே வெளிர்நிறம் அல்ல

மென்னிறக் குவில்ட்டில் அதிகம் நடக்கும் ஏமாற்றம் இது: தனித்தனியாகப் பார்க்கும்போது அழகாக இருந்த இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் மோர்நிறமும் சேர்ந்ததும், ஆறடி தள்ளி நின்று பார்த்தால் வெளுத்துப்போன ஒரே பரப்பாகத் தெரியும். நிறங்களைத் தேர்ந்ததில் குறை இல்லை, அடர்வில்தான் குறை. அடர்வு என்பது ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது, எவ்வளவு ஆழ்ந்தது என்ற அளவு. இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் வேறு நிறங்கள்தான், ஆனால் அடர்வு ஒன்றாக இருந்தால் கண் இரண்டையும் பிரிக்காது.

சோதிப்பது சுலபம். துண்டுகளைத் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால் நடுத்தர அடர்வுள்ள துண்டுகளைச் சேர்க்க வேண்டும்: மங்கிய மயில்நீலம், காய்ந்த ரோஜா, வெந்தயப் பச்சை. ஐந்தில் ஒரு பங்கு இப்படி இருந்தாலே போதும். ஒரே ஒரு அரக்குச் சிவப்புத் துண்டைப் போட்டால் பார்வை முழுக்க அங்கேயே போய் நிற்கும். அது பிடித்த துணிதான் என்றால் திருப்பிப் போடுங்கள். அச்சிட்ட பருத்தியின் பின்பக்கம் முகப்பைவிட ஒரு படி வெளிறி இருக்கும்.

இந்த நிறச் சேர்க்கையில் தேர்ந்தவர்கள் 1930களின் அமெரிக்கப் பெண்கள். பொருளாதார மந்தக் காலம். மாவும் கோழித்தீவனமும் பருத்திச் சாக்குகளில் வந்தன, பெண்கள் சாக்கைப் பிரித்துத் துணியாகப் பயன்படுத்துவதை அறிந்த ஆலைகள் அதில் பூப்போட்டு அச்சிடத் தொடங்கின. அந்தக் குவில்ட்டுகளில் பத்துப் பதினைந்து வகைப் பூத்துணிகள் கலந்திருக்கும், ஆனாலும் கலங்கித் தெரியாது. கூர்ந்து பார்த்தால் காரணம் தெரியும்: பூத்துணிகளுக்கு நடுவே வெற்று வெள்ளை அல்லது பால்நிறம், கூடவே மீண்டும் மீண்டும் வரும் ஒரே ஒரு வெற்றுப் பச்சை. நம் சதுரங்களிலும் ஒன்று விட்டு ஒன்று பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்தால் அதே தெளிவு கிடைக்கும்.

சாயம் போகும் துணி மென்னிறத்துக்கு நேர் எதிரி. ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் கலந்து மங்குவதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டது. சட்டைக்கு அது பொருந்தும், குவில்ட்டில் பக்கத்துத் துண்டு கெடும். ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு முனையை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். கறை படிந்தால் அதை ஒதுக்குங்கள், அல்லது தண்ணீர் தெளியும்வரை வெந்நீரில் தனியாக அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் சிலவகைச் சாயத்துக்கு அமிலம் தேவை. ஏற்கெனவே சாயமேற்றிக் கடைக்கு வந்த பருத்தியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை இரண்டும் ஒட்டவைக்காது.

துண்டுகளை இணைப்பது

பழைய சேலையில் கொசுவம் செருகும் இடமும் தரையில் உரசும் கீழ் ஓரமும் முதலில் நையும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் இழை விலகும் துணியை விட்டுவிடுங்கள். பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் நேராக வெட்டுங்கள். டெய்லர்கள் கிராஸ் என்று சொல்லும் சாய்வு வெட்டில் துணி இழுபடும், சதுரம் சாய்சதுரமாகிவிடும். மெல்லிய துணிக்கு வெட்டுமுன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் ஓரம் நிற்கும்.

இணைத்தபின் உள்ளே விட்ட துணியை ஒரே பக்கமாக, அதுவும் அடர்ந்த நிறத் துண்டின் பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். மென்னிறக் குவில்ட்டில் இது மிக முக்கியம். அடர்நிற ஓரம் வெள்ளைத் துண்டின் அடியில் போனால், முடித்தபின் ஒரு சாம்பல் கோடாக மேலே தெரியும். அப்புறம் அதைச் சரிசெய்ய வழியில்லை.

அடுக்கிப் பிடிப்பது

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களைச் செல்லோடேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்துப் பிடித்த துணி பிறகு சுருங்கி, பின்பக்கம் மடிப்பாக விழும். அதன்மேல் ஃபிளானல், அதன்மேல் மேல்துணி. இனி பேஸ்டிங், அதாவது பிறகு பிரித்தெடுக்கும் நீளமான தற்காலிகத் தையல். நடுவிலிருந்து ஓரத்துக்கு, 4 அங்குலத்துக்கு ஒரு வரிசையாகக் குறுக்கிலும் நெடுக்கிலும் போடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இங்கே மிச்சம்பிடித்த ஒரு மணி நேரம், பின்பக்கத்து மடிப்பைப் பிரிக்கும்போது நாலு மணி நேரமாகத் திரும்பக் கேட்கும்.

தையல் எங்கே ஓட வேண்டும்? நமக்கு எளிய வழி, ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை சாய்கோடு, இரண்டு திசையிலும். 4½ அங்குலச் சதுரத்தில் அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே சுமார் 3.2 அங்குலம் வரும். ஃபிளானலுக்கு அது தாராளமாகப் போதும். சாய்கோடு என்பதால் நாலு தையல் சந்திக்கும் மூலைகளைத் தவிர மற்ற இடத்தில் தடிமன் குறுக்கிடாது. கோடு வரையவும் வேண்டாம். மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகத் தையுங்கள், இரவு முழுக்க ஒட்டிவிட்டுப் போகாதீர்கள், பசை தங்கிவிடும்.

மொத்தக் கோட்டின் நீளம் கிட்டத்தட்ட 38 மீட்டர். அங்குலத்துக்கு 6 தையல் என்றால் ஏறக்குறைய 9,000 தையல்கள். 100 மீட்டர் நூல்கண்டு ஒன்று போதும்.

ஊசி எப்படிப் போகிறது

இந்த வேலைக்கான ஊசிக்குப் பிட்வீன் என்று பெயர். சாதாரணக் கை ஊசியைவிடக் குட்டை. எண் கூடக் கூட ஊசி சிறியது. தொடக்கத்துக்கு 8 அல்லது 9 போதும். குட்டையாக இருப்பதால்தான் சிறு கோணத்தில் திரும்பும், எளிதில் வளையாது. நூல் 40ஆம் எண் பருத்தி. மெழுகுப்பூச்சு உள்ளது கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளலாம். நீளம் 18 அங்குலம். அதற்கு மேல் போனால் துணிக்குள் உரசி உரசிப் பிரியும்.

வளையத்தில் துணியை மாட்டுவதில்தான் ஆரி, எம்பிராய்டரி பழகியவர்கள் தடுமாறுவார்கள். அங்கே துணி விறைப்பாக நிற்க வேண்டும். இங்கே தளர்வாக இருக்க வேண்டும். அடியிலிருந்து விரலால் அழுத்தினால் சிறு மேடு எழும் அளவுக்குத் தளர்வு. விறைப்பாக இருந்தால் ஊசி மேலும் கீழும் ஏறி இறங்க இடமே இருக்காது.

வலது கை நடுவிரலில் திம்பிள், அதாவது ஊசியைத் தள்ளும் உலோக விரலுறை. இடது கை துணிக்கு அடியில். நூல்முனையில் சிறு முடிச்சு. கோடு தொடங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி, மேல்துணியை மட்டும் துளைத்து, நடு அடுக்குக்குள்ளேயே ஊசியை ஓட்டி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலை லேசாக வெடுக்கென இழுத்தால் முடிச்சு மேல்துணிக்குள் நுழைந்து மறையும்.

இப்போது ஊசியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். திம்பிள் ஊசியின் காதை அழுத்துகிறது. நுனி அடித்துணியைத் தாண்டி இடது விரலில் லேசாகப் பட்டதும் அழுத்தத்தை நிறுத்துங்கள். அந்தத் தொடுகைதான் மூன்று அடுக்கும் துளைபட்டதற்கு அடையாளம். உடனே திம்பிள் விரலால் காதைத் துணியை நோக்கித் தாழ்த்துங்கள், அதே நேரம் அடியிலிருக்கும் விரல் நுனியை மேலே தள்ளட்டும், வலது கட்டைவிரல் நுனி வெளிவரப் போகும் இடத்துக்கு முன்னால் துணியை அழுத்தட்டும். நுனி கடுகளவு தலைகாட்டியதும் மறுபடி ஊசியைச் செங்குத்தாக்கி அடுத்த குத்து. இப்படி மூன்று நான்கு தையல் ஊசியில் சேர்ந்ததும் இழுத்துவிடுங்கள். ஊசி முன்னும் பின்னும் ஆடுவதால் இதை ராக்கிங் தையல் என்கிறார்கள். சாய்த்துக் குத்தினால் மேலே சிறியதாகவும் கீழே அதைவிடச் சிறியதாகவும், சில இடத்தில் கீழே தையலே இல்லாமலும் போகும். செங்குத்தாக நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

அங்குலத்துக்கு 10, 12 தையல் என்ற எண்ணிக்கையைக் கேட்டு மிரளுகிறவர்கள் பலர். அது நீண்ட காலப் பழக்கமுள்ள கைகளின் அளவு. மேலே தெரியும் தையல்களை மட்டும் எண்ணி, 5 அல்லது 6 வந்தால் அடுக்குகள் உறுதியாக நிற்கும். எண்ணிக்கையைவிடச் சமம் முக்கியம்: தையலும் இடைவெளியும் ஒரே நீளம்.

நூல் முடியும்போது துணியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, கடைசித் துளையிலேயே ஊசியை நடு அடுக்குக்குள் விட்டு, முடிச்சை உள்ளே இழுத்து, ஒரு அங்குலம் தள்ளி வெளியே எடுத்து வெட்டுங்கள்.

சுருக்கமாக: தளர்ந்த வளையம், செங்குத்து ஊசி, அடிவிரலின் தொடுகை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தையல் பின்பக்கம் போய்ச் சேராது.

எது, ஏன் தவறும்

துணி சுருக்கி இழுத்தால் நூலை அதிகம் இறுக்குகிறீர்கள். நூல் துணியில் ஒரு சிறு பள்ளம் விழுத்தினால் போதும். நடுப்பகுதி தட்டையாகி ஓரம் அலையடித்தால், நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலகியும் தைத்திருப்பீர்கள். ஒவ்வொரு தையலும் துணியை இழையளவு சுருக்குவதால் நெருக்கம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைப்பதும் இதனால்தான், உபரித் துணி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறும். ஓரம் வந்ததும் வளையம் பிடிக்க இடம் இருக்காது. பழைய துணிப் பட்டை ஒன்றைத் தற்காலிகமாக இணைத்து நீட்டிக்கொள்ளுங்கள்.

மேலே மெல்லிய முடிபோல் இழைகள் முளைத்தால் பேட்டிங் இழை வெளியே வருகிறது என்று பொருள். பிடுங்கினால் அடுத்த இழையும் கூடவே வரும். துணியை ஒட்டிக் கத்தரித்துவிடுங்கள்.

ஓரமும் முதல் துவைப்பும்

ஓரத்துக்கு 2¼ அங்குல அகலத்தில், 44 அங்குலத் துணியில் 5 பட்டைகள் வெட்டி இணைத்தால் 198 அங்குலச் சுற்றளவுக்கும் மூலை மடிப்புகளுக்கும் சரியாக வரும். பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பக்கம் ஓரத்தோடு தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் மறைதையல் போடுங்கள். போர்வையில் முதலில் நைவது ஓரம். அதனால்தான் இரட்டை மடிப்பு.

பேஸ்டிங் நூலைப் பிரித்தபின் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் துவைக்கலாம். நனைக்காத புது ஃபிளானல் இந்தத் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், ஏற்கெனவே சுருங்கி முடிந்த பழைய துணிகள் சுருங்காது. அந்த வித்தியாசத்தில்தான் தையல் வரிசைகளுக்கு நடுவே பழைய குவில்ட்டுகளில் பார்க்கும் மெல்லிய சுருக்கம் வரும். அது வேண்டாம் என்றால் ஃபிளானலை முன்பே துவைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. ஈரத்தின் கனம் முழுக்க ஒரே வரிசைத் தையலில் தொங்கினால் நூல் அறும், ஆகவே ஒரு கொடியில் தொங்கவிடாமல் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று கொடிகளின்மேல் பரப்பி, நிழலில் காயவிடுங்கள்.